குண்டானுக்குக் கரண்ட் கொடுத்த விவரம்

பட்டிபுலம்,
மார்கழி மாதம், வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஜெயக்குமார் மாமா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மைத்துனன் அரசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தாயாராகிய அத்தையும் நானும் நலம். செங்கல்பட்டில் எங்கள் அம்மா வீட்டில் ரேணுகா அக்காவும், அக்கா வயிற்றில் இருப்பவரும் நலம். வீட்டில் மின்சாரமும் இப்போது நலம். அங்கே தோஹாவில் தாங்களும் தங்கள் ரத்த அழுத்தமும் நலமாயிருக்கத் தலசயனப் பெருமாளை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். போனில் 'டோம்' என்ற சொல் காதில் விழுந்ததும் தாங்கள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் நம் தெரு சின்னையன் விடுப்பு முடிந்து தங்கள் கம்பெனிக்கே திரும்புகிறான், அவன் பெட்டியில் அத்தை கொடுத்தனுப்பும் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கவர் வைக்க இடமும் இருக்கிறது. காகிதத்தில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளவும். அந்தக் கருவாட்டுக்கும் இந்த விஷயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

தங்கள் ஆணை அக்கா மூலமாக வந்து சேர்ந்தது. "பொங்கலுக்கு நான் வந்து மொட்டமாடி ஏறுனா வானம் மட்டுந்தான் தெரியணும்" என்று சொன்னீர்களாம். மாமா, நானும் அதற்காகத்தான் படாத பாடு படுகிறேன். வானம் தெரியத்தான் அந்த டோமே. ஆனால் தாங்கள் சொன்னது டோமைக் கழற்றிவிட வேண்டும் என்ற பொருளில் என்பது எனக்குப் புரிகிறது. வீடு தங்களுடையது, மாடி தங்களுடையது, நான் இங்கே தங்கி வேலைக்குப் போகிறவன். கழற்று என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு வேலைக்காரனை நீக்குவதற்கு முன்னால்கூட அவனிடம் விளக்கம் கேட்பார்கள். இது என் விளக்கம். கடைசி வரைக்கும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல்ல, பிரச்சினை என்னன்னு உங்களுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லல. உங்க அம்மா சொன்னது பாதி. அதுல பாதிய அக்கா சொல்லியிருக்கும். நான் ஆரம்பிச்சதும் நீங்க கட் பண்ணிட்டீங்க. பிரச்சினை டோம் இல்ல மாமா, வயர். டோம்ங்கறது டெலஸ்கோப்புக்கு மேல கவுத்து வெச்ச ஒரு பெரிய குண்டான், அவ்வளவுதான். கோவளத்துல மீன்பிடி போட்டு செய்யற மூர்த்தி அண்ணன்கிட்ட சொல்லி, போட்டுக்கு ஊத்துற அதே ஃபைபர்ல வார்த்தது. பெயிண்ட்டும் போட்டுக்கு அடிக்கிற நீலம்தான் இருந்துச்சு, அதையே அடிச்சுட்டாரு. கரையில இருக்கறவங்க இன்னும் என்னைப் பாத்தா, கவுத்துப் போட்ட போட்டு எப்போ கடல்ல இறங்குதுன்னு கேக்கறாங்க. அந்தக் குண்டான்ல ஒரு பக்கம் நீளமா ஒரு கதவு. கதவு திறந்தா அந்த இடுக்கு வழியா டெலஸ்கோப் பாக்கும். வானத்துல வேற திசை பாக்கணும்னா குண்டானையே சுத்தணும்.

சுத்தறதுக்குக் கரண்ட் கொடுக்கறது ஒரு வேலையே இல்ல. அந்த மோட்டார் கீழ குண்டானைத் தாங்கற வட்டச் சுவத்துல உக்காந்திருக்கு, அது எங்கேயும் போகப்போறதில்ல. சிக்கல் கதவுக்கு. கதவோட மோட்டார் குண்டான் மேல இருக்கு, குண்டானோட சேந்து சுத்துது. அதுக்குச் சுவத்துலேந்து வயர் இழுத்தா என்னாகும்? முளைக்குச்சில கட்டின மாடு சுத்திச் சுத்தி மேஞ்சா கயிறு என்னாகும்? அதேதான். இதுக்கு வழி இருக்கு. நீளமா வயர் விட்டு, வலப்பக்கம் ரெண்டு சுத்து சுத்தினா இடப்பக்கம் ரெண்டு சுத்து திருப்பிச் சுத்தி முறுக்கை எடுத்துடணும். உலகத்துல பாதிப் பேர் இப்படித்தான் வெச்சிருக்கான். நானும் அப்படித்தான் வெச்சேன். நல்லாத்தான் ஓடிச்சு. உங்க அம்மா ஒரு வெள்ளிக்கிழமை துணி எடுக்க மாடிக்கு வர்ற வரைக்கும்.

மாமா, உங்க அம்மாவைப் பத்தி நான் ஒரு வார்த்தை குறையாச் சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்றேன். குண்டான் அப்போ முறுக்கு எடுக்கறதுக்காக இடப்பக்கமாச் சுத்திட்டிருந்தது. அத்தை கையில துணியோட நின்னு அதையே பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"இன்னாடா அரசு இது, வயித்துப் புள்ளக்காரி கீற வூடு, சாமி ரூமுக்கு நேர் மேல இது எதிர்ச்சுத்து சுத்திகினு கீது? சாவு வூட்லதான்டா இப்டி சுத்துவாங்க."

நான் வயர் முறுக்கு, மாடு, முளைக்குச்சி எல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கினு, "சரி நைனா"ன்னாங்க. எனக்கு அவங்க "சரி நைனா"வுக்கு அர்த்தம் அப்போ தெரியாது. நீங்க முப்பத்தஞ்சு வருஷமா மகனா இருக்கீங்க, நீங்களாவது முன்னாடியே எச்சரிச்சிருக்கலாம். அவங்க கணக்கு என்னன்னா, நான் எத்தனை சுத்து எதிர்ச்சுத்து சுத்தறேனோ, அத்தனையும் அவங்க மறுநாள் வலமாச் சுத்திச் சரி பண்ணிடணும். நான் சிறுசேரிக்கு ஆபீஸ் கிளம்பினதும் மாடிக்கு வந்து சுவத்துல இருக்கிற பட்டனை அமுத்துவாங்க. ஒரு தடவை அமுத்தினா சுத்திக்கிட்டே இருக்கும், திரும்ப அமுத்தினா நிக்கும். கூடவே ஒரு யோசனையும் அவங்களுக்கு வந்திருக்கு. உள்ள இருக்கற கண்ணாடி எதைப் பாக்குது? கிரகத்தை. கிரகம்னா எத்தனை? நவகிரகத்தை எத்தனை சுத்து சுத்தணும்? ஆக, தினமும் மேல்கொண்டு ஒம்போது.

எண்ணிக்கைக்கு ஒரு கட்டுப்பாடு வெக்கலையா, நீ என்ன இன்ஜினியர்னு கேப்பீங்க. வெச்சேன். கம்ப்யூட்டர் வழியாச் சுத்தினா அது எண்ணும், ரெண்டுக்கு மேல போக விடாது. சுவத்துப் பட்டன் நேரா மோட்டாருக்குப் போகுது, அது அவசரத்துக்குன்னு வெச்சது. உங்க அம்மாவுக்குத் தினமும் அவசரம். இடப்பக்கப் பட்டன் மேல பிளாஸ்திரி ஒட்டியிருந்ததையும் நான் பாத்தேன். வெயிலுக்கு யாரோ ஒட்டியிருக்காங்கன்னு நினைச்சு விட்டுட்டேன். நல்ல நீள வயர், அதனால சில நாள் தாங்கிச்சு. நானும் ஆபீஸ்ல ஆள் குறைஞ்சு ராத்திரி வந்து விழுந்து தூங்கற வாரம், மேல போய்ப் பாக்கவே இல்ல.

அதுக்கப்புறம்தான் வளைகாப்பு. இப்போ உங்களுக்கு நெஞ்சு கொதிக்கும், கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு மேல படிங்க. உங்களுக்கு லீவு கிடைக்கலன்னு, அக்கா பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு அதுல டேப்லட்டைச் சாய்ச்சு வெச்சு, வீடியோவுல உங்க முகத்தை உக்கார வெச்சிருந்தோம். மாப்பிள்ளை வெறுமனே இருக்கக்கூடாதுன்னு யாரோ அதுக்கு ஒரு முழம் பூவும் சுத்திட்டாங்க. அக்காவுக்கு முதல் வளையல் போடப்போற நேரம். நல்ல காரியத்துக்கு முன்னாடி ஒரு ஒம்போது சுத்து ஆகட்டும்னு அத்தை மாடிக்குப் போய்ப் பட்டனை அமுத்திட்டுக் கீழ வந்து தட்டைக் கையில எடுத்தாங்க. மேல குண்டான் சுத்துது. முறுக்கின வயர் கழுத்தை நெரிச்சா மாதிரி இறுகுது. கதவு மோட்டாருக்கான அடாப்டரை நான் டோம் மேல வெச்சிருந்தேன், அதனால அந்த வயர்ல ஓடினது வீட்டுக் கரண்ட். அது மட்டும் என் தப்பு, குறிச்சு வெச்சுக்குங்க. மேல 'டப்'புன்னு ஒரு சத்தம். மொத்த வீடும் இருட்டு. ஃபேன் நின்னுடுச்சு, மைக் நின்னுடுச்சு, வைஃபை நின்னுடுச்சு, பூ சுத்தின உங்க முகம் மெதுவாக் கறுத்துப் போச்சு. அதைப் பாத்து உங்க சித்தி லோகநாயகி ஓன்னு அழுதாங்களே, அந்த அழுகையைக் கேட்டுத்தான் கரையிலேந்து எல்லாரும் ஓடி வந்தாங்க. நீங்க அங்க போன்ல ஹலோ ஹலோன்னு கத்தினது இங்க ஒருத்தருக்கும் கேக்கல. இது எல்லாம் நடந்தது. நான் மறுக்கல. ஆனா மாமா, இதுல டோம் என்ன செஞ்சுது? சுத்துன்னு சொன்னாங்க, சுத்திச்சு.

வயரைக் கழட்டிப் பாத்தேன். கை முறுக்கு மாதிரி இருந்துச்சு, எல்லாப் பிரியும் ஒரே பக்கம். அத்தைகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். கையில வாங்கிப் பாத்துட்டு, "நல்ல வயரா வாங்கலியா நைனா?"ன்னாங்க.

அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். உங்க அம்மாவை மாத்த முடியாது, கரண்ட்டை மாத்தலாம். ஒரே பக்கமா எத்தனை சுத்து சுத்தினாலும் தாங்கற மாதிரி செய்யணும். அதுக்கும் வழி இருக்கு. வயரே வேணாம். சுவத்து மேல வட்டமா ரெண்டு செம்புப் பட்டை. குண்டான்லேந்து ரெண்டு கரித்துண்டு அதை உரசிக்கிட்டே போகும், மிக்ஸி மோட்டாருக்குள்ள தேயுமே, அதே கரித்துண்டு. இந்தத் தடவை வெறும் பன்னெண்டு வோல்ட், தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. செஞ்சு மாட்டினேன். அத்தை ஒம்போது சுத்து சுத்தினாங்க, நான் பக்கத்துல நின்னு கை தட்டினேன். எதிர்ச்சுத்தே தேவையில்ல. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகா ஒரு பட்டை நான் வளைச்சதில்ல.

கடல் காத்துன்னு ஒண்ணு இருக்கறதை நான் மறந்துட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கல, பட்டை பூரா பச்சையாக் களிம்பு. களிம்பு இருக்கற இடத்துல கரித்துண்டு எகிறி எகிறிப் போகுது, எகிறும்போது ஒரு பொறி. எனக்கு அது பகல்ல தெரியல. விளக்கு வைக்கிற நேரத்துல கரையில வலை பிரிச்சுட்டிருந்தவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. மாடி மேல நீலமா நெருப்பு, அதுவும் வட்டமா ஓடுது. மூர்த்தி அண்ணன் அன்னைக்கு இங்கதான் ஒரு போட்டுக்கு ஒட்டு போட வந்திருந்தாரு. நாலு பேரோட குடத்துல கடல் தண்ணிய மொண்டுக்கினு மாடி ஏறிட்டாங்க. நான் படியில மறிச்சு, தீ இல்ல, கரண்ட்தான் களிம்பு மேல தாவுதுன்னு சொன்னேன்.

"தாவுற கரண்டுக்கு இன்னா பேரு அண்ணாத்த?"ன்னாரு.

நான் யோசிக்கறதுக்குள்ள ஊத்திட்டாங்க. டெலஸ்கோப் மேல உறை போட்டிருந்தேன், அதனால இந்தக் கடிதத்தை நான் தெளிந்த புத்தியோட எழுதறேன். பட்டையும் கரித்துண்டும் அன்னைக்கோட சரி. உப்புக் காத்துக்கே பச்சையானது, உப்புத் தண்ணிக்கு என்னாகும்? ஊத்தினவங்க எல்லாரும் ஒரு உயிரைக் காப்பாத்தின திருப்தியில டீ குடிச்சுட்டுப் போனாங்க. டீ உங்க அம்மாதான் போட்டுக் கொடுத்தாங்க.

மூணாவதா சூரியன். சுவத்துலேந்து குண்டானுக்கு எதுவுமே போகவேணாம்னு முடிவு பண்ணினேன். குண்டான் மேலேயே ஒரு பேட்டரி, அதுக்குப் பக்கத்துலேயே கம்பி வெச்சுத் தட்டையா ஒரு சோலார் பேனல். கரண்ட் தானே வரும், தானே சேரும், எத்தனை சுத்து சுத்தினாலும் எல்லாம் கூடவே சுத்தும். கார்த்திகை மழையில முதல் வாரம் ஒண்ணும் ஏறல, அது நியாயம். மழை விட்டு நல்ல வெயில் அடிச்ச நாலு நாளும் ஒண்ணும் ஏறலன்னா எப்படி? மீட்டர் வெச்சுப் பாக்கறேன், செத்த பாம்பு மாதிரி கெடக்குது. பேனல் போலின்னு கடைக்காரன்கிட்ட போன்ல சண்டை. வயரை மாத்தினேன், பேட்டரிய மாத்தினேன். ஆபீஸ்ல என் மூஞ்சியப் பாத்துட்டு எங்க டீம் லீடர் பார்த்தசாரதி, யாராவது பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சான்னு கேட்டாரு. கடைசில ஒரு நாள் லீவு போட்டுட்டு மத்தியானம் மாடிக்குப் போறேன். பேனல் மேல இந்த ஓரத்துலேந்து அந்த ஓரம் வரைக்கும் நெத்திலி. ஒண்ணு மேல ஒண்ணு படாம, வரிசையா, தலை எல்லாம் ஒரே பக்கம். ஒரு விரல் அளவுகூட இடம் விடல.

அத்தை காக்கா விரட்ட ஒரு குச்சியோட நிழல்ல உக்காந்திருந்தாங்க. தரையில போட்டா நாய் வருதாம், மண் ஒட்டுதாம். இது உசரமா, தட்டையா, கறுப்பா, நல்லாச் சூடா இருக்குதாம். கருவாடு காயப்போடவே அளவெடுத்துச் செஞ்சா மாதிரி இருக்கேன்னு என்னைப் பாராட்டினாங்க. உங்களுக்குத்தான் காயுதுன்னும் சொன்னாங்க. மாமா, சின்னையன் கொண்டு வர்ற பொட்டலத்துல இருக்கிறது அதேதான். உலகத்துலேயே சோலார் பேனல்ல காஞ்ச கருவாட்டைச் சாப்பிடப்போற முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க. மெதுவாச் சாப்பிடுங்க, அது என்னோட ஒரு வாரக் கரண்ட்.

நாலாவது வழிதான் இப்போ இருக்கறது. ரொம்ப எளிசு. பேட்டரி மேலேயே இருக்கட்டும், சோலார் வேணாம். செல்போன் என்ன பண்ணுது? ஊரெல்லாம் சுத்திட்டு வீட்டுக்கு வந்ததும் சார்ஜர்ல உக்காருது. அதுபோல குண்டானுக்கும் ஒரு இருப்பிடம் வெச்சேன். சுவத்துல ஒரு இடத்துல ரெண்டு பித்தளைக் குமிழ். குண்டானோட விளிம்புல ரெண்டு தகடு. வேலை முடிஞ்சதும் குண்டானைச் சுத்திக் கொண்டுவந்து குமிழ்ல தகடு சரியாப் பொருந்தற மாதிரி நிறுத்தினா, சார்ஜ் ஏறும். உரசல் இல்ல, பொறி இல்ல, முறுக்கு இல்ல. ஒரே ஒரு நிபந்தனை, சரியா அந்த இடத்துல நிறுத்தணும். ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி நின்னாலும் ஒண்ணும் ஏறாது. அதனால அத்தைகிட்ட கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், இனிமே தயவுசெஞ்சு பட்டன்ல கை வெக்காதீங்க, இடம் மாறினா எல்லாம் போச்சுன்னு. "சரி நைனா"ன்னாங்க.

நேத்து புதன்கிழமை. நேத்து எனக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியாது, ஏன்னா போனை வெச்சுட்டீங்க. ஆகாசத்துல எங்கேயோ போற ஒரு பாறை, நேத்து சாயங்காலம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வர்றதா இருந்தது. நாலஞ்சு விநாடி நட்சத்திரம் காணாமப்போகும், திரும்ப வரும். எந்தெந்த ஊர்லேந்து எவ்வளவு நேரம் காணாமப்போச்சுன்னு சேத்து வெச்சுப் பாத்தா, யாரும் கண்ணால பாத்தே இராத அந்தப் பாறையோட உருவம் கிடைச்சுடும். பெங்களூர்ல ஒருத்தர், புதுச்சேரியில ஒரு காலேஜ் வாத்தியார், திருவண்ணாமலைப் பக்கம் ரெண்டு பேர், எல்லாரும் ஓரத்துல. நடு நிழல் போறது நம்ம கரை மேல, நம்ம மாடி மேல. நான் பாக்கலன்னா நடுவுல ஓட்டை. பொங்கலுக்கு நீங்க வந்துட்டா டோம் இருக்காது, ஆக எனக்கு இருக்கறது இந்த ஒரு சான்ஸ்தான். இதுக்காகத்தான் நான் நாலு மாசமா அந்தக் கதவோட மல்லுக்கட்டறேன்.

ஆபீஸ்லேந்து சீக்கிரம் கிளம்பியும் கேளம்பாக்கம் ஜங்ஷன்ல மாட்டிக்கிட்டேன். முன்னாடி கல்யாண மண்டபத்துக்குப் போற ஒரு பஸ், பின்னாடி தண்ணி லாரி, நடுவுல என் பைக். அப்போதான் ஞாபகம் வந்துச்சு. திங்கக்கிழமை மேகம் வந்துடுச்சேன்னு எரிச்சல்ல கதவை மூடிட்டு, குண்டானை மேற்கு பாத்தபடியே விட்டுட்டு வந்துட்டேன். இருப்பிடத்துல நிறுத்தல. ரெண்டு நாளா சார்ஜ் ஏறல. கதவு மோட்டார் அசையாது. கையால திறக்கலாம்னா அந்தக் கதவைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். என் உயிரே போயிடுச்சு. அத்தைக்குப் போன் போட்டு, மாடிக்குப் போய்க் குண்டானைக் கொஞ்சம் சுத்தி நிறுத்துங்கன்னு கெஞ்சினேன்.

"நீதான கை வெக்காதன்ன. நான் எதுக்குடா கை வெக்கப் போறேன்?" வெச்சுட்டாங்க. போனைச் சொல்றேன்.

கோவளம் ரோட்டுல நான் வந்த வேகத்தை அக்காகிட்ட சொல்லிடாதீங்க. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம மாடி ஏறினேன். நம்பிக்கையே இல்லாம ஸ்விட்சைப் போட்டேன். மாமா, கதவு திறந்துச்சு. வெண்ணெய் மாதிரி, ஒரு முனகல் இல்லாம, முழுசா. நான் யோசிக்க நேரமில்ல, நட்சத்திரத்தைப் பிடிச்சேன், கேமராவை ஓட விட்டேன், நெஞ்சு அடிக்கிற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள கேக்குது. திரையில ஒரு சின்னப் புள்ளி. இருக்கு, இருக்கு, இருக்கு. இல்ல. யாரோ வாயால ஊதி அணைச்ச மாதிரி. நாலு எண்ணினேன். திரும்ப இருக்கு. அவ்வளவுதான் மாமா. அதுக்குத்தான் இவ்வளவும். புதுச்சேரி வாத்தியார் போன்ல விக்கி விக்கிப் பேசறாரு, அவருக்கு மேகம், நம்மகிட்ட மட்டும்தான் நடுக்கோடு கிடைச்சிருக்கு. பட்டிபுலம்னு பேர் எழுதி அந்தக் கணக்கு போகுது. உங்க வீட்டு மொட்டைமாடி, மாமா.

அப்புறந்தான் டார்ச் அடிச்சுச் சுவத்தைப் பாத்தேன். குண்டான் நான் மேற்குல விட்டபடியே இருந்திருக்காது, சார்ஜ் முழுசா ஏறியிருக்கே. பித்தளைக் குமிழ் ரெண்டுக்கும் நடுவுல ஒரு குங்குமப் பொட்டு. அத்தை அதுக்குள்ள காபியோட மேல வந்துட்டாங்க. இது என்னன்னு கேட்டேன். ரெண்டு குமிழும் கண்ணு மாதிரி இருந்துச்சாம், நடுவுல நெத்தி காலியா இருந்துச்சாம். தினமும் விளக்கேத்திட்டு வந்து, பொட்டு இருக்கற இடத்துலேந்து ஆரம்பிச்சு ஒம்போது சுத்தும் சுத்தி, பொட்டுக்கு நேராவே கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. நான் மேற்குல விட்டாலும் கிழக்குல விட்டாலும் முதல்ல பொட்டுக்குத்தான் கொண்டுவருவாங்களாம்.

"ஆரம்பிச்ச எடத்துல முடிக்கலன்னா அது சுத்துல சேராதுடா. கோயிலுக்கே போனதில்லியா நீ?"

மாமா, நான் மூணு வகை சென்சார் விலை விசாரிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணுகூட இந்தத் துல்லியத்துக்கு வராது. முதல்ல என் கரண்ட்டை அறுத்ததும் அந்த ஒம்போது சுத்துதான், நேத்து கரண்ட் கொடுத்ததும் அதேதான். அந்தச் சந்தோஷத்துல, வாங்கத்தே, நீங்களும் ஒண்ணு பாருங்கன்னு குண்டானைத் திருப்பிச் சனியைக் காட்டினேன். சனின்னு சொன்னதும் ஒரு அடி பின்னால போயிட்டாங்க. அவரை நேருக்கு நேர் நின்னு பாக்கக்கூடாதாம். அந்த டெலஸ்கோப்புல ஒரு சாய்வுக் கண்ணாடி இருக்கு மாமா, அதனால கண்ணு வெக்கிற இடம் பக்கவாட்டுல வரும். அதைக் கவனிச்சதும் அத்தை முகம் மலர்ந்துடுச்சு. "நல்ல வேளை, ஒதுங்கி நின்னு பாக்குற மாதிரி வெச்சிருக்கியே, வெவரந்தான்டா நீ"ன்னு சொல்லிட்டுக் கண்ணு வெச்சாங்க. இந்த வருஷம் சனியோட வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி மெல்லிசாத் தெரியுது, ஒரு கோடு மாதிரி. ரொம்ப நேரம் பாத்தாங்க. காபி ஆறிப்போச்சு.

"சூலத்துல குத்துன எலுமிச்சம்பழம் மாதிரி கீறாருடா."

நான் நிறைய பேர் சனியைப் பத்தி எழுதினதைப் படிச்சிருக்கேன், இந்த வருஷத்துச் சனியை இதைவிடச் சரியா யாரும் சொல்லல.

ஆகையால் மாமா, நிலவரம் இது. டோம் ஓடுகிறது. வீட்டில் கரண்ட் போகாது, ஏனென்றால் வீட்டுக் கரண்ட் குண்டான் மேல் ஏறுவதே இல்லை. சுற்று வலச்சுற்று மட்டுமே. தங்கள் தாயாருக்கும் இப்போது டோம் மேல் எந்தக் குறையும் கிடையாது, மாறாக நேற்று அதற்குத் திருஷ்டி கழித்தார்கள். தாங்கள் ஆணையைத் திரும்பப் பெற்று, பொங்கலுக்கு வந்ததும் என்னோடு மாடி ஏறி ஒரு முறை அந்தக் கதவு திறப்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். தோஹாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொண்டு வெளியே போகவும். பிறக்கப்போகும் குழந்தைக்கு நல்ல நட்சத்திரம் அமையவும், தாங்கள் நல்லபடியாக வந்து சேரவும் வேண்டிக்கொண்டு, தங்கள் ஆசியையும் தங்கள் மாடியில் எட்டடிக்கு எட்டடி இடத்தையும் எதிர்நோக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்
அரசு.

பின்குறிப்பு: சின்னையனோட பேப்பர் ஏதோ வரலன்னு அவன் பயணம் தள்ளிப்போச்சு. கவரை ஒட்டாம வெச்சிருந்தேன், அதனால இதை இப்போ சேக்கறேன். மாமா, மேல எழுதின எல்லாத்தையும் அடிச்சுடுங்க. உங்க ஆணைதான் சரி. டோமைக் கழட்டிடணும், அதுவும் சீக்கிரம்.

அத்தை அந்த எலுமிச்சம்பழத்தை ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. முதல் சனிக்கிழமை லோகநாயகி சித்தியும் பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்தாங்க, சரி பாக்கட்டும்னு விட்டேன். அடுத்த சனிக்கிழமை படிக்கட்டு பூரா ஆள், வரிசை தெருவுக்குப் போயிடுச்சு. ஏழரை நடக்கறவங்களுக்கு முதல்ல இடம். டெலஸ்கோப்புக்குப் பக்கத்துல எள்ளு விளக்கு, அந்த எண்ணெய்ப் புகை என் லென்ஸ் மேல. மூர்த்தி அண்ணன் வரிசையை ஒழுங்கு பண்றாரு, அத்தை பட்டனை அமுத்தறாங்க, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒம்போது சுத்து. பேட்டரி எப்பவும் முழுசாத்தான் இருக்கு, நான்தான் பாக்க முடியல. சனிக்கிழமை மட்டும்தானேன்னு நினைச்சேன். இப்போ வியாழக்கிழமை குரு உண்டான்னு கேக்கறாங்க. உண்டு மாமா, அவரும் இப்போ மேலதான் இருக்காரு. நான் வாயைத் திறக்கல.

எங்க செங்கல்பட்டு நிலத்துல மோட்டார் ஷெட் மேல இடம் இருக்கு, அங்க கொண்டு போயிடறேன்னு அத்தைகிட்ட சொல்லிப் பாத்தேன். "சரி நைனா"ன்னாங்க. மறுநாள் பாத்தா டோமைச் சுத்தி மஞ்சள் துணி கட்டியிருக்கு. இப்போ இதைக் கழட்டணும்னு சொல்றது நீங்களும் நானும் ரெண்டே பேர். ஊரே அந்தப் பக்கம். நீங்க வீட்டுக்காரர், வந்து சத்தம் போட்டாத்தான் நடக்கும்.

ஆனா சனிக்கிழமை வர்றதுக்கு முன்னாடியே வந்து கழட்ட வெச்சுடுங்க. வந்த முதல் சனிக்கிழமைக்கு உங்க பேர்ல அத்தை இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க, உங்க ராசிக்கு ரொம்ப மோசமாம். சட்டையைக் கழட்டிட்டு, ஈரவேட்டியோட, பட்டனை நீங்கதான் அமுத்தணும்.